பேட்டரி என்ன பாவம் செய்தது?

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று யூனியன் செயலாளர் கேட்டபோது, கவிதை மட்டும் கேட்காதே என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். கவிதைக்கு எலக்ட்ரிகல் பிரிவில் ஆள் நிறைய இருக்கிறார்கள். ஆட்டோமொபைல் படிக்கிற எனக்குத் தெரிந்ததைத்தான் எழுத முடியும். தெரியாமல் செய்த ஒரு தப்பு ஒரு வருடமாக நெஞ்சில் உறுத்திக்கொண்டிருக்கிறது. அதையே எழுதுகிறேன். விஷயம் ஒரு பேட்டரியைப் பற்றியது. சிரிக்காதீர்கள்.

என் வீடு ஊட்டியில். சமவெளிக்காரர்களான உங்களுக்குக் குளிர் என்றால் மார்கழியில் ஃபேனை இரண்டாம் நம்பரில் வைப்பது. எங்கள் ஊரில் டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் தெர்மாமீட்டர் பூஜ்யத்தை ஒட்டி இறங்கும். தலைக்குந்தா பக்கம் புல்வெளி முழுக்க உப்புத் தூவியது போல உறைபனி கிடக்கும். காரின் கண்ணாடியைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அந்த ஊரில் பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் ஒரு பழக்கம் உண்டு. ராத்திரி வண்டியை இறக்கத்தைப் பார்த்து நிறுத்துவார்கள். காலையில் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் பிரேக்கை விட்டு உருட்டி, கிளட்சை விட்டால் போதும், பிடித்துக்கொள்ளும்.

எங்கள் தெருவில் ஒரு சமையல் மாஸ்டர் இருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, அறுபதாம் கல்யாணம் எல்லாவற்றுக்கும் போவார். அவரிடம் ஒரு 1986 மாடல் அம்பாசடர், பெட்ரோல் வண்டி. டிக்கியில் கரண்டி, ஜல்லடை, அண்டா மூடி. பின் சீட்டில் இரண்டு பையன்கள், மடியில் மசாலா டப்பா. அது அவருக்கு ஆடம்பரம் கிடையாது, தொழில் கருவி. முகூர்த்த நாள் என்றால் ராத்திரி மூன்று மணிக்கே கிளம்ப வேண்டும். தை மாதத்தில்தான் முகூர்த்தம் அதிகம். தை மாதத்தில்தான் எங்கள் ஊரில் குளிரும் அதிகம்!

மார்கழியில் நான் லீவுக்குப் போயிருந்தபோது மாஸ்டர் கூப்பிட்டார். "தம்பி, நீதான் ஆட்டோமொபைல் படிக்கிறியே, இந்த வண்டியைக் கொஞ்சம் பாரு. மத்தியானம் சமர்த்தா ஸ்டார்ட் ஆகுது. காலையில நாலு மணிக்கு அடம் பிடிக்குது" என்றார்.

போய்ப் பார்த்தேன். சாவியைத் திருப்பினேன். "ர்ர்... ர்ர்... ர்" என்று செல்ஃப் மூச்சு வாங்கியது. பானெட்டைத் திறந்து, இடுப்பில் கை வைத்து, நாலு பேர் பார்க்கும்படி, "பேட்டரி போயிடுச்சுண்ணே, மாத்திடுங்க" என்று தீர்ப்புச் சொன்னேன். மொத்தம் மூன்று நிமிடம்.

எதை வைத்துச் சொன்னேன்? குளிரில் பேட்டரி பலவீனமாகும் என்று பாடத்தில் படித்திருந்தேன். அது உண்மைதான். பேட்டரிக்குள் நடக்கிற ரசாயன வேலை குளிரில் மந்தமாகிறது. பூஜ்யம் டிகிரியில் அதன் தள்ளுகிற சக்தி சுமார் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிடும். அதே நேரம் ஆயில் கெட்டியாகி எஞ்சினைச் சுற்றுவதற்கு ஒன்றரை மடங்கு பலம் கேட்கும். வருமானம் குறைந்து செலவு கூடிய குடும்பம் மாதிரி. ஆகவே குளிர் + மெதுவாகச் சுற்றுதல் = பேட்டரி. பரீட்சையில் இப்படி எழுதினால் மார்க் கிடைக்கும்.

மாஸ்டர் மறு கேள்வி கேட்கவில்லை. "படிச்ச பையன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். தெரிந்தவரிடம் கடன் வாங்கி, 5,600 ரூபாய்க்குப் புது பேட்டரி போட்டார். பழையதை எடைக்குப் போடுகிற விலையில் கடைக்காரர் வாங்கிக்கொண்டார். புது பேட்டரி போட்டதும் செல்ஃப் கொஞ்சம் சுறுசுறுப்பாகச் சுற்றியது. அது போதுமே எனக்கு! ஹாஸ்டலுக்குத் திரும்பி வந்து இதே கதையை உங்களில் சிலரிடம் பெருமையாகச் சொன்னேன் என்பதும் ஞாபகம் இருக்கிறது.

ஜனவரி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். கோத்தகிரியில் கல்யாணம். சாமான் ஏற்ற வசதியாக இருக்கட்டும் என்று முதல் நாள் ராத்திரி வண்டியைக் கீழ்த்தெருவில் சமதரையில் நிறுத்தியிருந்தார்கள். அன்றைக்குப் பார்த்து நல்ல உறைபனி. மூன்றரை மணிக்குக் கதவைத் தட்டினார்கள். நானும் ஊரில்தான் இருந்தேன். புது பேட்டரி போட்ட வண்டி "ர்ர்... டக்" என்று நின்றுவிட்டது. நாலு பேர் தள்ளினோம். வண்டி நிறைய பாத்திரம், எதிரே ஏற்றம். அசையவில்லை. ஒரு வேனைத் தேடிப் பிடித்துச் சாமானை மாற்றி ஏற்றுவதற்குள் ஐந்தேகால். காலை டிபன் ஒன்றரை மணி நேரம் தாமதம். பெண் வீட்டார் கூலியில் பிடித்துக்கொண்டார்கள். அதே குடும்பத்தில் பங்குனியில் நடக்க இருந்த இன்னொரு கல்யாண ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விட்டது. மாஸ்டர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

அன்று சாயங்காலம் பழைய மெக்கானிக் ஒருவரைக் கூட்டி வந்தார்கள். பாய் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். ரிட்டயர் ஆகி வீட்டோடு இருக்கிறவர். வந்தவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "இப்ப பாத்து என்ன பிரயோஜனம்? வெயில்ல நின்ன வண்டி. நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வர்றேன். அதுவரைக்கும் ஒருத்தரும் செல்ஃப் எடுக்கக் கூடாது" என்று போய்விட்டார்.

எனக்கு முதல் அடி அங்கேதான் விழுந்தது. குளிரில் வருகிற கோளாறைக் குளிரில்தானே பார்க்க வேண்டும்? டாக்டரிடம் போகும்போது காய்ச்சல் இறங்கிவிட்டது போல, பத்து மணிக்கு ஒர்க் ஷாப் போய்ச் சேரும் வண்டி நன்றாகத்தான் ஸ்டார்ட் ஆகும். அங்கே நின்றுகொண்டு நாம் யூகத்தில் பாகம் மாற்றுகிறோம்.

மறுநாள் காலை வந்தார். முதலில் கேள்விதான் கேட்டார். மூன்றே கேள்வி. "உருட்டி விட்டா பிடிக்குதா?" "உடனே பிடிக்கும் பாய்" என்றார் மாஸ்டர். "லைட்டைப் போட்டுக்கிட்டு செல்ஃப் எடு." எடுத்தார். செல்ஃப் முனகியது, ஆனால் எதிர்ச் சுவரில் விழுந்த ஹெட்லைட் வெளிச்சம் பெரிதாக மங்கவில்லை. மூன்றாவதாகக் கேட்டாரே ஒரு கேள்வி! "சோக் கம்பி சுடுதா?"

மாஸ்டர் யோசித்துவிட்டு, "ஆமா பாய், சோக்கைப் பிடிச்சா வெதுவெதுன்னு இருக்கும். குளிருக்கு இதமா இருக்குதேன்னு நினைச்சேன்" என்றார்.

பாய் சிரித்தார். பேட்டரி இணைப்புக்குப் போடுகிற தடித்த கேபிள் ஒன்றை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸில், மறு முனையை எஞ்சின் உடம்பில் கவ்வ வைத்து, "இப்ப எடு" என்றார். ஒரே சுற்று. வண்டி ஸ்டார்ட்!

நண்பர்களே, இந்த மூன்று தடயமும் மார்கழியிலேயே என் கண் முன்னால் இருந்தவை. கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

உருட்டி விட்டால் உடனே பிடிக்கிறது என்றால், பெட்ரோல் வருகிறது, ஸ்பார்க் இருக்கிறது, கம்ப்ரஷன் இருக்கிறது. பிரச்சினை எஞ்சினைச் சுற்றுகிற பக்கத்தில் மட்டும்தான். ஒரே கேள்வியில் பாதி காரைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். ஹெட்லைட் அதிகம் மங்கவில்லை என்றால் பேட்டரி தளரவில்லை. பேட்டரி செத்திருந்தால் செல்ஃப் இழுக்கும்போது லைட் மஞ்சளாகி அணைகிற நிலைக்கு வந்திருக்க வேண்டும். பேட்டரியிடம் தெம்பு இருக்கிறது, அந்தத் தெம்பு செல்ஃபுக்குப் போய்ச் சேரவில்லை என்று அந்த வெளிச்சமே சொல்லியது.

சோக் கம்பி கதைதான் ருசியானது. எஞ்சின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் கரண்டைக் கடத்தாது. பேட்டரி மைனஸ் பாடியில் எர்த் ஆகியிருக்கும். பாடியிலிருந்து எஞ்சினுக்கு ஒரு பின்னல் செம்புப் பட்டை போயிருக்கும். அதுதான் எர்த் ஸ்ட்ராப். செல்ஃப் இழுக்கிற கரண்ட் முழுவதும் திரும்பி வருகிற வழி அது ஒன்றுதான். அந்தப் பட்டை துருப்பிடித்துத் தளர்ந்துவிட்டால் கரண்ட் வேறு வழி தேடும். எஞ்சினையும் பாடியையும் தொட்டுக்கொண்டிருக்கிற சோக் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியாகத் திரும்ப முயலும். மெல்லிய கம்பி. சுடாமல் என்ன செய்யும்? மாஸ்டர் கை காய்ச்சிக்கொண்டது அந்தச் சூட்டில்தான்!

பாய்க்கு மீட்டர் தேவைப்படவில்லை. எனக்குத் தேவைப்பட்டது. மறுநாளும் அதே விடியற்காலையில், அந்தக் கேபிள் இல்லாமல், என்னிடமிருந்த சாதாரண மல்டிமீட்டரை வைத்து அளந்தேன். செல்ஃப் சுற்றும்போது பேட்டரியின் இரண்டு முனைக்கும் நடுவே 10.8 வோல்ட். நல்ல ஆரோக்கியம். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறு முனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்தேன். இரண்டும் எர்த்தானே, பூஜ்யத்தை ஒட்டித்தானே காட்ட வேண்டும்? 0.2 வோல்ட்டுக்கு மேல் இருந்தாலே சந்தேகப்பட வேண்டிய இடம் அது. 2.4 வோல்ட் காட்டியது!

நம் முதல் வருட ஓம் விதியைப் போட்டுப் பாருங்கள். செல்ஃப் சுமார் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்தால், 2.4 வோல்ட் இழப்புக்குக் காரணமான தடை 0.016 ஓம். ஒரு ஓமில் நூறில் இரண்டு பங்குகூட இல்லை. மல்டிமீட்டரை ஓம் ரேஞ்சில் வைத்து இந்தப் பட்டையைச் சோதித்தால் "பீப்" என்று கத்தி, எல்லாம் சரி என்றே சொல்லும். கரண்ட் ஓடும்போது வோல்ட் இழப்பைப் பார்த்தால்தான் திருடன் அகப்படுவான். இதை எத்தனை பேர் செய்து பார்த்திருக்கிறோம்? கையை உயர்த்துங்கள். நானும் உயர்த்தவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரும் எஞ்சின் மேல்தான் எர்த் ஆகிறது. ஆகவே செல்ஃபுக்குக் கிடைக்காத அந்த 2.4 வோல்ட், இக்னிஷன் காயிலுக்கும் கிடைக்காது. 12 வோல்ட் காயிலுக்கு 8.4 வோல்ட்தான். எஞ்சினும் மெதுவாகச் சுற்றுகிறது, ஸ்பார்க்கும் சோகை பிடித்திருக்கிறது. மத்தியானம் ஆயில் இளகி, செல்ஃப் குறைவாக இழுக்கும்போது இழப்பும் குறைந்துவிடும், வண்டி சமர்த்தாகிவிடும். உருட்டி விடும்போது செல்ஃபே இழுப்பதில்லை, அதனால் இழப்பும் இல்லை. எல்லாம் ஒரே நூலில் கோத்தது போல வந்து சேர்கிறது பாருங்கள்!

பட்டை ஏன் கெட்டது? ஐப்பசியில் ஓர் இடத்தில் கிளட்ச் பிளேட் மாற்றியிருக்கிறார்கள். கியர் பாக்ஸை இறக்கும்போது கழற்றிய ஸ்ட்ராப்பை, துருவும் பெயிண்ட்டும் இருந்த இடத்திலேயே, வாஷர் கூடப் போடாமல் மாட்டி அனுப்பிவிட்டார்கள். "கடைசியா இந்த வண்டியில யார் கை வச்சா, எதுக்கு வச்சா?" என்று நான் மார்கழியிலேயே கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. புது ஸ்ட்ராப் 90 ரூபாய், உப்புத்தாள் 10 ரூபாய், பாய் கூலி 200. ஆக 300 ரூபாயில் முடிந்த வேலை. மாஸ்டர் கொடுத்ததோ பேட்டரிக்கு 5,600, பிடித்துக்கொண்ட கூலி, போன ஆர்டர். எடைக்குப் போன பழைய பேட்டரி நல்ல பேட்டரி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்காத வண்டி வேறு ரகம். குளிரில் பெட்ரோலில் கொஞ்சம்தான் ஆவியாகும், அதனால்தான் சோக் போட்டுக் காற்றைக் குறைக்கிறோம். சோக் தகடு முழுக்க மூடுகிறதா என்று ஏர் ஃபில்டரைக் கழற்றிக் கண்ணால் பார்த்தாலே பாதி கேஸ் முடிந்துவிடும். பனியில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி வியர்த்திருந்தால் துணியால் துடைத்தால் போதும். இருட்டில் பானெட்டைத் திறந்து செல்ஃப் எடுத்தால் பழைய ஹை டென்ஷன் ஒயர்களில் நீல ஸ்பார்க் ஓடுவதே தெரியும். பாயிண்ட் கேப், பிளக் கேப் பற்றி உங்களுக்கே தெரியும், நான் சொல்ல வேண்டாம்.

ஒரு துணைக்கதை. கீழேயிருந்து வந்த ஒருவர் இதே வண்டியில் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்து, "90 பவுண்டுதான் இருக்கு, ரீபோர் பண்ணணும்" என்று மாஸ்டரிடம் சொல்லியிருந்தாராம். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல். அங்கே காற்றின் அழுத்தமே கீழே இருப்பதில் முக்கால் பங்குதான். கடல்மட்டத்தில் 120 காட்டுகிற எஞ்சின் அங்கே 90-ஐ ஒட்டித்தான் காட்டும். நல்லவேளை, மாஸ்டரிடம் அப்போது காசு இல்லை. ரீபோரிலிருந்து எஞ்சின் தப்பித்தது.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். நம் லேபில் கட் செக்ஷன் எஞ்சின் இருக்கிறது. சிவப்பு, பச்சை பெயிண்ட் அடித்து அழகாக இருக்கிறது. அது ஸ்டார்ட் ஆகாது, ஆகவே ஸ்டார்ட் ஆகாமல் போகவும் போகாது! ஸ்டார்ட்டிங் சர்க்யூட்டைக் கலர் பென்சிலில் வரைகிறோம், பாகங்களைக் குறிக்கிறோம், ரெக்கார்ட் நோட்டில் கையெழுத்து வாங்குகிறோம். அந்தப் படத்தில் எர்த்துக்கு என்ன போடுகிறோம்? மூன்று சின்னக் கோடு. அந்த மூன்று கோட்டுக்குள் ஒரு செம்புப் பட்டை, இரண்டு போல்ட், ஒரு துரு இருக்கிறது என்று எனக்கு மாஸ்டர் வண்டிதான் சொல்லிக் கொடுத்தது, அவர் காசில்.

சில நண்பர்கள் கேட்பார்கள்: "அம்பாசடர் உற்பத்தி 2014-லேயே நின்னுபோச்சு. 2020-லிருந்து பி.எஸ். 6. சோக்கும் இல்லை, பாயிண்ட்டும் இல்லை. ஸ்கேனர் மாட்டினா அதுவே சொல்லிடும். இந்தப் பழங்கதை எதுக்குடா?" நியாயமான கேள்விதான். ஆனால் ஸ்கேனர் என்ன சொல்லும்? பி0562 என்று காட்டும். சிஸ்டம் வோல்டேஜ் குறைவு என்று அர்த்தம். ஏன் குறைவு என்று சொல்லாது. எர்த் கெட்ட புது வண்டியில் சென்சார்கள் எல்லாம் தாறுமாறாகப் பேசும். கோட் எண்ணைப் பார்த்து ஒவ்வொரு சென்சாராக மாற்றுகிறவருக்கும், "ர்ர்" சத்தத்தைக் கேட்டு பேட்டரி மாற்றச் சொன்ன எனக்கும் என்ன வித்தியாசம்? அவர் கையில் விலை உயர்ந்த பெட்டி இருக்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு சென்சாராக மாற்றிக்கொண்டே போனால் கஸ்டமருக்கு நஷ்டமும் ஏறிக்கொண்டே போகும்.

ஆகவே யூனியன் மூலமாகத் துறைத்தலைவர் அவர்களிடம் ஒரு கோரிக்கை வைக்கலாம் என்பது என் கருத்து. பிராக்டிகலில் ஓடுகிற ஒரு வண்டி வேண்டும். ஆசிரியர் அதில் ஏதாவது ஒரு கோளாறை ஒளித்து வைக்கட்டும். ஒரு நட்டைத் தளர்த்தட்டும், கனெக்ஷனுக்கு நடுவே ஒரு காகிதத் துண்டைச் செருகட்டும், சோக் கேபிளைக் கழற்றி விடட்டும். நாம் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்ததற்கு மட்டும் மார்க் கொடுக்க வேண்டாம், அது குருட்டு அதிர்ஷ்டத்திலும் நடக்கும். முதலில் என்ன கேட்டாய், எதை அளந்தாய், எந்தப் பாகத்தை எந்தக் காரணத்தால் சந்தேகத்திலிருந்து விடுவித்தாய் என்று எழுதிக் காட்டியதற்கு மார்க். தேவையில்லாமல் கழற்றிய ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு மார்க் குறைக்க வேண்டும். தேவையில்லாமல் புதுசு கேட்டால் இரண்டு குறைக்கட்டும். என் பேட்டரித் தீர்ப்புக்கு அப்படி மார்க் போட்டால் நான் அரியர்தான்!

செலவாகும் என்பார்கள். ஆகாது. ஒர்க் ஷாப்புக்குப் பின்னால் ஷெட்டில் யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த பத்மினி ஒன்று தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. நாலு டயரும் தரையோடு தரை. பானெட்டுக்குள் எலி குடித்தனம். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்ததில் செல்ஃபும் டிஸ்ட்ரிபியூட்டரும் இருக்கிற மாதிரித்தான் தெரிகிறது. கடன் வாங்கினாலும் ஒரு பேட்டரி கிடைக்கும். எர்த் ஸ்ட்ராப் என் செலவு. நாலு சனிக்கிழமை வர மூன்றாம் வருடத்தில் ஆறு பேர் தயாராக இருக்கிறோம். அந்த ஷெட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் யாராவது கேட்டுச் சொல்லுங்கள்.